வரைபடம் காட்டும் புள்ளி எந்த வகைப் புள்ளி?

"அக்கா, லொக்கேஷன் காட்டுற இடத்துக்கு வந்திட்டன். இங்க உங்கட நம்பரைக் காணேல்லையே."

வெள்ளவத்தையில் இணையத்தில் சாப்பாடோ உடுப்போ தருவிக்கிற எவருக்கும் இந்த அழைப்புப் பழக்கமானது. "நீங்க நிக்கிறது பக்கத்து ஒழுங்கை தம்பி, திரும்பக் காலி வீதிக்கு ஏறி அடுத்ததால இறங்குங்கோ" என்று வழி சொன்னதும் பார்சல் வந்து சேர்ந்துவிடுகிறது. முகவரியில் பிழை இல்லை; அதைத்தான் எழுத்துப் பிசகாமல் கொடுத்திருந்தோம். கைத்தொலைபேசியின் ஜீபிஎஸ்ஸிலும் பிழை இல்லை. காட்டப்பட்ட புள்ளிக்கு அது அந்தப் பையனைச் சரியாகவே கொண்டுபோய் விட்டது. அப்படியானால் பிழை எங்கே? அந்தப் புள்ளி பிறந்த விதத்தில்.

முகவரி என்பது சொற்களால் ஆனது. வரைபடத்துக்கு வேண்டியவை எண்கள்: பூமியில் ஓரிடத்தைக் குறிக்கும் அகலாங்கும் நெட்டாங்கும். பாடசாலைப் புவியியலில் ஆள்கூறுகள் என்று படித்தோமே, அவைதான். கொழும்பு ஏறத்தாழ வடக்கு 6.9 பாகையிலும் கிழக்கு 79.9 பாகையிலும் இருக்கிறது. சொற்களில் உள்ள முகவரியை இப்படி ஆள்கூறுகளாக மாற்றும் வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர். தமிழில் புவிக்குறியாக்கம் எனலாம். கூகுள் வரைபடம் தொடங்கி வாடகைக் கார்ச் செயலிகள்வரை, முகவரியைத் தட்டச்சுச் செய்யும் ஒவ்வொரு தடவையும் பின்னால் இதுவே நடக்கிறது.

முதல் வேலை முகவரியைப் பிரித்து விளங்குவது. இலக்கம் 12, 42ஆவது ஒழுங்கை, கொழும்பு 6 என்று ஒரு முகவரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதில் மூன்று எண்கள் இருக்கின்றன. ஒன்று வீடு, ஒன்று ஒழுங்கையின் பெயர், மற்றது தபால் வலயம். வெள்ளவத்தையில் 37, 42, 47, 55, 57 என்று எண்ணையே பெயராகக் கொண்ட ஒழுங்கைகள் பல உள்ளன. நமக்கு அது குழப்பமே இல்லை. கணினியோ எது எது என்று ஊகித்தாக வேண்டும். பிரித்தபின், தன் தரவுக் களஞ்சியத்தில் உள்ள வீதிகள், கட்டடங்கள், ஊர்கள், வலயங்களோடு ஒப்பிட்டுத் தேடுகிறது. அங்கே எது அகப்படுகிறதோ அதைப் பொறுத்தே விடையின் தரம் அமையும்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் நின்று நான்கு பேரிடம் ஒரு வீட்டுக்கு வழி கேட்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு அந்த வீட்டையே தெரியும்: "பச்சைக் கேற் போட்ட வீடு, அதுதான்." இரண்டாமவருக்கு வீடு தெரியாது, ஒழுங்கையின் இலக்க வரிசை தெரியும்: "காலி வீதிப் பக்கம் ஒண்டில தொடங்கும், கடற்கரைப் பக்கம் அறுபதில முடியும். முப்பது எண்டால் நடுவில இருக்கும்." மூன்றாமவர் ஒழுங்கையை மட்டும் அறிவார்: "அந்த ஒழுங்கைதான், உள்ளுக்க போய்க் கேளுங்கோ." நான்காமவர்: "வெள்ளவத்தைக்குள்ளதான், எந்தப் பக்கம் எண்டு தெரியாது." நால்வரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்தே யாரை எவ்வளவு நம்பலாம் என்று நாம் கண்டுகொள்கிறோம்.

கூகுளின் புவிக்குறியாக்கச் சேவை தரும் விடைகளும் இந்த நான்கு வகைதான். கட்டடமே தெரிந்து தரும் விடை 'ரூஃப்டாப்', கூரைமட்டம். இலக்க வரிசையை வைத்துக் கணித்தது 'ரேஞ்ச் இன்டர்போலேட்டட்', இடைக்கணிப்பு. ஒரு வீதியின் அல்லது ஒரு பகுதியின் நடுப்புள்ளி 'ஜியோமெட்ரிக் சென்டர்', வடிவ மையம். மிகுதி எல்லாம் 'அப்ராக்ஸிமேட்', அண்ணளவு. செயலி எழுதுபவருக்கு ஒவ்வொரு விடையோடும் இந்த வகைப் பெயரும் சேர்ந்தே போகிறது. நம் திரையில் வந்து விழுவதோ நான்குக்கும் ஒரே சிவப்பு ஊசி. செயலியை எழுதியவர் அந்த வகைப் பெயரைப் பார்த்து நமக்குச் சொன்னால் உண்டு, பெரும்பாலும் சொல்வதில்லை. இந்தத் துறையில் எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான்.

இந்தச் சேவையின் முந்தைய பதிப்பில் கூகுள் 0 முதல் 9 வரை ஒரு படிநிலை வைத்திருந்தது. 1 என்றால் நாடு, 4 நகரம், 5 தபால் குறியீடு, 6 வீதி, 7 சந்தி, 8 முகவரி, 9 கட்டடம். விடை எந்த மட்டத்தைச் சேர்ந்தது என்பதை அந்த எண் காட்டியது. ஆனால் 8 என்று வந்த விடை, வீட்டைக் கண்டு சொன்னதா, கணக்குப் போட்டுச் சொன்னதா என்பது அந்த எண்ணிலிருந்து விளங்காது. இப்போதைய நான்கு வகைகள் அந்த வேறுபாட்டைத் தொட்டுக் காட்டுகின்றன.

ஊசியைவிட அதிகமாக ஏமாற்றுவது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள். ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர். தசமத்துக்குப் பின் ஐந்தாம் இலக்கத்துக்கு வந்தால் ஒரு மீற்றர். ஏழாம் இலக்கம் ஒரு சென்ரிமீற்றர். சேவைகள் வழக்கமாக ஏழு இலக்கம்வரை தருகின்றன, அண்ணளவு விடைக்கும்கூட. அதாவது, "வெள்ளவத்தைக்குள்ளதான்" என்று மட்டுமே தெரிந்த நான்காமவரின் விடையும் சென்ரிமீற்றர் நுணுக்கத்தோடு வந்து நிற்கும். வெள்ளவத்தை என்ற பரப்பின் நடுப்புள்ளி அந்த நுணுக்கத்தோடு கணிக்கப்பட்டிருக்கலாம். நாம் தேடும் வீடு அதிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கலாம். எண்ணின் நீளம் வேறு, அது உண்மைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது வேறு.

இரண்டாமவரின் கணக்கு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம், வீடுவீடாக வரும் படிவங்களைக் கணினியின் உதவியோடு இடம்வாரியாகப் பிரிக்க வழி தேடியது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் அதற்கான ஆய்வு நடந்தது. அதிலிருந்து பிறந்த டைம் என்ற கோப்பு முறை 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பயன்பட்டது. சந்திக்குச் சந்தி வீதியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இடப்பக்கம் எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம்வரை, வலப்பக்கம் எதுவரை என்று மட்டும் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் அளக்க வேண்டிய தேவை இல்லாமற் போனது. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு வந்த டைகர் தொகுப்பு இதே எண்ணத்தை நாடு முழுவதுக்கும் விரித்தது. சதுரம் சதுரமாக வெட்டப்பட்ட, சந்திக்குச் சந்தி நூறு நூறாக இலக்கம் ஏறும் நகரங்களுக்கு இது அழகாகப் பொருந்துகிற கணக்கு.

கொழும்பில் அது எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் 300 மீற்றர் நீளமான ஓர் ஒழுங்கை, இலக்கம் 1 முதல் 60 வரை. இலக்கம் 30 என்றால் கணக்கு 150ஆவது மீற்றரில் புள்ளி வைக்கும். எல்லாக் காணிகளும் ஒரே அகலம் என்பது அந்தக் கணக்கின் மறைமுக அனுமானம். உண்மையில் தொடக்கத்தில் ஒரு பாடசாலையோ கோயிலோ ஒரே இலக்கத்தில் 80 மீற்றரை எடுத்துக்கொண்டிருக்கும். நடுவே நான்கு பழைய வீடுகளை இடித்து ஒரு தொடர்மாடி எழும்பியிருக்கும். மூன்று இலக்கங்கள் காணாமற் போயிருக்கும். அதற்கப்பால் ஒரு பெரிய காணி பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டு 38/1, 38/2, 38/3 என்று உள்ளே நீண்டுபோகும். அந்த 38/3க்குப் போக ஒரு சிறு பாதை மட்டும் இருக்கும், வீடு வீதியிலிருந்து நன்கு உள்ளே தள்ளி இருக்கும். கணக்கு வைக்கும் புள்ளியோ எப்போதும் வீதியோரத்தில்தான். புள்ளிக்கு மிகக் கிட்டிய வாசல் எதுவென்று கண்ணால் தேடுபவர் வேறொருவர் வாசலில்தான் போய் நிற்பார்.

நம் வீட்டிலக்கங்கள் வழிகாட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. மாநகர சபை ஆதன வரி அறவிடுவதற்காக ஒவ்வோர் ஆதனத்துக்கும் கொடுத்த அசெஸ்மென்ட் நம்பர்கள் அவை. காணி பிரிந்தால் சாய்கோடு போட்ட உப இலக்கம் வரும். மாடி கட்டினால் இன்னொரு வகை வரும். 38 1/1 என்று எழுதினால் 38ஆம் இலக்கக் கட்டடத்தின் முதலாம் மாடியில் முதலாவது வீடு. 38/1 என்றால் அதே காணியிலிருந்து பிரிந்த தரைவீடாக இருக்கலாம். நடுவிலுள்ள ஓர் இடைவெளி விடுபட்டால் 381/1 ஆகி, இல்லாத வேறொரு வீட்டைக் குறிக்கிறது. இடைவெளி விட்டே எழுதினாலும் கணினி சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை விட்டுவிட்டு 38க்கு விடை சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று: எட்டு மாடிக் கட்டடத்தில் உள்ள அத்தனை வீடுகளுக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் ஒன்றே. கூரைமட்டம் என்று வந்த மிகச் சிறந்த விடையும் எந்த மாடிக்கு ஏறுவது என்று சொல்லாது.

இதுவரை சொன்னது சரியான வீதியைக் கண்டுபிடித்த பின் வரும் பிழை. அதைவிடப் பெரியது தவறான இடத்தையே கண்டுபிடிக்கும் பிழை. காலி வீதியையே எடுங்கள். காலிமுக ஹோட்டலின் முகவரி காலி வீதி இலக்கம் 2, கொழும்பு 3. சவோய் திரையரங்கின் முகவரி காலி வீதி இலக்கம் 12, கொழும்பு 6. ஒரே வீதி, பத்து இலக்க வித்தியாசம். ஆனால் ஒன்று கொள்ளுப்பிட்டியின் வட முனையில், மற்றது பம்பலப்பிட்டியையும் தாண்டி வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கத்தில். இடையில் பல கிலோமீற்றர். வலயத்துக்கு வலயம் இலக்கம் புதிதாகத் தொடங்குவதால், "கொழும்பு 6" என்பதை விட்டுவிட்டு எழுதிய முகவரி அரை முகவரிதான். ஸ்டேஷன் வீதியும் அப்படியே. பம்பலப்பிட்டியில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று, தெஹிவளையில் ஒன்று என்று கரையோரப் புகையிரத நிலையங்களோடு அதே பெயர் தொடர்கிறது.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் சிக்கல் இன்னும் தடிக்கிறது. புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கும் கொச்சிக்கடை கொழும்பு 13இல். நீர்கொழும்புக்கு அப்பால் அதே பெயரில் ஓர் ஊரும் உண்டு. இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கொச்சிக்கடை என்று மட்டும் தட்டினால் கணினி எந்தக் கொச்சிக்கடையைத் தெரிந்தெடுக்கும் என்பது, தட்டுபவர் நிற்கும் இடத்தையும் அந்தச் சேவை எதற்கு முதன்மை கொடுக்கிறது என்பதையும் பொறுத்தது. அருகே கொழும்பு 11இல், தமிழில் நாம் செட்டியார் தெரு என்கிற தங்கக்கடைத் தெரு ஆங்கிலத்தில் ஸீ ஸ்ட்ரீட். மூன்று மொழிப் பெயர்களையும் ஒரே கோட்டோடு பிணைத்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் தேடினால்தான் அகப்படும். வெள்ளவத்தையில் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை இன்றும் ஹை ஸ்ட்ரீட் என்று சொல்லும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். பழைய கடிதத் தலைப்புகளிலும் அப்படித்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கூரைமட்டம், இடைக்கணிப்பு என்ற வகைப் பெயர்கள் புள்ளி எப்படிப் பெறப்பட்டது என்பதை மட்டுமே சொல்கின்றன. நாம் கேட்ட முகவரிதான் கிடைத்ததா என்பதை அவை சொல்வதில்லை. தவறான வீதியில் உள்ள ஒரு கட்டடத்தின் கூரை நடுவில் மிகத் துல்லியமாக ஊசி குத்தப்படலாம். இதற்காகக் கூகுள் 'பார்ஷியல் மாட்ச்' என்ற தனிக் குறிப்பு ஒன்றையும் அனுப்புகிறது: கேட்டதில் ஒரு பகுதிதான் பொருந்தியது என்று பொருள். ஒரு விடையை நம்புவதற்கு முன் இரண்டையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அண்ணளவுப் புள்ளியைத் துல்லியப் புள்ளியாக எடுத்துக்கொண்டதால் மனிதர்கள் பட்ட துன்பத்துக்கு 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் செய்தி சாட்சி. மாக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், கணினிகளின் இணைய முகவரிகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்று சொல்லும் தரவை விற்கிறது. "அமெரிக்கா" என்பதற்கு மேல் எதுவும் தெரியாத இணைய முகவரிகளுக்கு, நாட்டின் நடுப்பகுதியில் வடக்கு 38, மேற்கு 97 பாகை என்ற முழு எண் புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்தது கான்சஸ் மாநிலத்தில் பொட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் இருந்த ஒரு பண்ணை வீட்டில். 60 கோடிக்கு மேற்பட்ட இணைய முகவரிகள் அந்த ஒரே புள்ளியில் குவிந்திருந்தன. நாட்டின் எந்த மூலையில் இணைய மோசடி நடந்தாலும் பொலிசாரும் பாதிக்கப்பட்டவர்களும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை. விடயம் வெளியானபின் நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்துக்குள் நகர்த்தியது. பொட்வினில் எவரும் பொய் சொல்லவில்லை. "எங்கோ அமெரிக்காவில்" என்ற விடை, எண்ணாக மாறியபோது தன் ஐயத்தை இழந்துவிட்டது.

நம்மிடம் இதே பிழை வேறு உருவத்தில் வரக்கூடிய இடம் டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவானார்கள்; மேல் மாகாணம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றருக்கு மேல் பறந்து போவதில்லை. ஆகவே புகை அடிப்பதற்கும், தேங்கிய தண்ணீரைத் தேடுவதற்கும் நோயாளியின் வீடு எங்கே என்பது அந்தச் சில நூறு மீற்றருக்குள் தெரிந்தாக வேண்டும். முகவரிப் பட்டியலை அப்படியே கணினிக்குக் கொடுத்து வரைபடம் வரைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இலக்கம் விளங்காத முகவரிகள் எல்லாம் வெள்ளவத்தையின் நடுப்புள்ளியிலோ கொட்டாஞ்சேனையின் நடுப்புள்ளியிலோ ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நோயாளி ஒருவர்கூட இல்லாத அந்த இடம் வரைபடத்தில் செக்கச் சிவந்து தெரியும். உண்மையில் நோய் பரவும் தோட்டக் குடியிருப்பு வெறுமையாகத் தெரியும். அத்தகைய குடியிருப்புகளில்தான் இலக்கங்கள் மிகச் சிக்கலானவை, உள்பாதைகள் வரைபடத்தில் மிகக் குறைவு. அதனால் பிழை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வசதி குறைந்தவர்கள் வாழும் இடங்களில்தான் கூடுதலாக விழுகிறது. வகைப் பெயரைப் பார்த்து அண்ணளவு விடைகளைப் புறம்பாக எடுத்து, அவற்றை மட்டும் கையால் சரிபார்த்தால் இந்தப் பொய்ச் சிவப்பைத் தவிர்க்கலாம்.

பிழை எவ்வளவு என்பதை எப்படி அறிகிறோம்? வழி எளியது, வேலை கடினமானது. ஒரு தொகுதி முகவரிகளை எடுத்து, ஒவ்வொரு வாசலிலும் ஜீபிஎஸ் கருவியோடு போய் நின்று அளக்க வேண்டும். அல்லது நில அளவை வரைபடத்தையோ வான்படத்தையோ பார்த்துச் சரியான கூரையைக் குறிக்க வேண்டும். பிறகு அதே முகவரிகளைக் கணினிக்குக் கொடுத்து, இரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணிப்பார்கள். சராசரியைவிட, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முகவரிகள் எத்தனை மீற்றருக்குள் அடங்குகின்றன என்பதே பயனுள்ள எண், ஏனெனில் கொச்சிக்கடை போன்ற ஒரே ஒரு 40 கிலோமீற்றர்ப் பிழை சராசரியைக் கெடுத்துவிடும். அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் நகரத்தைவிடக் கிராமப்புறத்தில் பிழை பல மடங்கு பெரிது என்று காட்டின. அங்கே வீதித் துண்டுகள் நீளம், காணிகள் பெரிது, இடைக்கணிப்புத் தடுமாறுகிறது. அளக்கும் ஜீபிஎஸ்ஸுக்கும் பிழை உண்டு: திறந்த வானத்தின் கீழ் கைத்தொலைபேசிக்கு ஏறத்தாழ 5 மீற்றர். இருபுறமும் தொடர்மாடிகள் உயர்ந்த ஒழுங்கையில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறிப்பதால் இன்னும் கூடும்.

அந்தப் பிழையைக் கைத்தொலைபேசி மறைப்பதில்லை. நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் விரிவதையும் சுருங்குவதையும் பார்த்திருப்பீர்கள். "இந்த வட்டத்துக்குள் எங்கோ" என்று அது ஒத்துக்கொள்கிறது. தேடிய முகவரிக்கு விழும் சிவப்பு ஊசிக்கும் அப்படி ஒரு வட்டம் வேண்டும். அதற்குத் தேவையான தகவல் ஏற்கனவே செயலியின் கைக்கு வந்துவிடுகிறது. நம் ஊரில் செயலிகள் எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைச் செய்ய அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். மாநகர சபையிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: வரி அறவிட வைத்திருக்கும் இலக்கங்களை, உரிமையாளர் பெயர் எதுவுமின்றி, இலக்கமும் வாசலின் ஆள்கூறும் மட்டுமாக எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிடலாம். எந்தக் கணக்கீடும் அதற்கு ஈடாகாது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியவை சில. ஒரு முகவரியைத் தேடியதும் செய்மதிப் படத்துக்கு மாற்றி, ஊசி கூரையில் நிற்கிறதா, தார் வீதியில் நிற்கிறதா என்று பாருங்கள். வீதியில் நின்றால் அது இடைக்கணிப்பாகவோ வீதியின் நடுப்புள்ளியாகவோ இருக்கலாம். ஊரைச் சுற்றி எல்லைக்கோடு வரையப்பட்டிருந்தால் வரைபடத்துக்கு ஊர் மட்டுமே தெரியும். பிறரை வரச் சொல்லும்போது முகவரியைத் தட்டுவதைவிட உங்கள் வாசலில் நின்று லொக்கேஷனை அனுப்புவது மேல். இடத்தை ஒரு குறியீடாகவும் சொல்லலாம்: கூகுளின் பிளஸ் கோட் ஏறத்தாழ 14 மீற்றர்ச் சதுரம் ஒன்றைக் குறிக்கும். இந்தியத் தபால் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் 4 மீற்றர்ச் சதுரத்தை. இவை ஆள்கூறிலிருந்து நேரே கணிக்கப்படுவதால் முகவரியை ஊகிக்கும் வேலையே அங்கு இல்லை.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கும்போது வரைபடத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கொழும்பில் எத்தனையாம் வலயம், எந்த ஒழுங்கை, காலி வீதியிலிருந்து கடற்பக்கமா தரைப்பக்கமா, இலக்கம், எத்தனையாம் மாடி, கிட்ட உள்ள கோயிலோ பள்ளியோ எது என்ற இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.